கடைசி விரலளவு

வியாழக்கிழமை காலை ரோசலின் துணி பிழிந்துகொண்டிருந்தபோது விஸ்வநாதன் அழைத்தார். பினாங்கின் புலாவ் தீக்குஸ் பகுதியில் சின்னதாக ஒரு மதுக்கடை வைத்திருப்பவர். ரோசலின் ஓர் உணவகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவளுக்குப் பழக்கம்.

"அக்கா, ஒரு நியூஸ். உங்க பழைய பாஸ் ஊரெல்லாம் ஆள் விட்டுத் தேடுறாரு."

"எதை?"

"உங்க செல்லத்தைத்தான் லா. பெல்ஜியம் சேசோன் பீர். அப்புறம் அந்த பிரெஞ்சுக்காரன் பண்ணை பீர். சனிக்கிழமை ராத்திரி அவர் கடையில பெரிய டின்னர். ஜுரு ஃபேக்டரிக்கு பெல்ஜியத்துலேர்ந்து புது டைரக்டர் வந்திருக்கான்ல, அவனும் அவன் ஆளுங்களும். மெனு கார்டெல்லாம் அச்சடிச்சாச்சு. கண்டெய்னர் இன்னும் வரல."

"உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"ஆறு பாட்டில். மத்தியானம் அவர் ஆள் வந்து எடுத்துக்குவான்."

"நான் இன்னும் அரை மணி நேரத்துல வர்றேன். ஆறையும் எனக்கு எடுத்து வைங்க."

"அக்கா, நீங்க குடிக்க மாட்டீங்களே."

"அதனாலதான் தம்பி வாங்குறேன்."

ரோசலின் கைகளைத் துடைத்துக்கொண்டாள். ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. கொடுத்தவர் கடவுள்தானா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் விடை வேறாக இருந்துவிடுமோ என்ற பயம்.

ஜார்ஜ் டவுனில் அந்தப் பழைய பாஸ் மெய்யநாதனின் உணவகத்தில் பதினோரு வருடம் பானங்களைக் கவனித்துக்கொண்டவள் அவள். பிரான்ஸின் வடக்கிலும் பெல்ஜியத்தின் தெற்கிலும் பண்ணை வீடுகளில் ஒரு காலத்தில் வயல்வேலை ஆட்களுக்காகக் காய்ச்சிய பீர் வகைகள் இருக்கின்றன. தடித்த பாட்டில், கம்பி கட்டிய தக்கை, உள்ளே உயிரோடு இருக்கும் ஈஸ்ட். பினாங்கில் அவற்றை வாங்கி விற்கும் கடைகள் நாலைந்துதான். எந்தக் கடையில் எது கிடைக்கும், யார் வெயில் படாமல் வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வேலைக்காக ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவாள். அதற்கு மேல் தொட்டதில்லை.

அந்த பாட்டில்களின் அடியில் மண்டி தங்கும். கண்ணாடிக் குவளையில் பீர் தெளிவாக இருக்க வேண்டுமென்றால் மெல்லச் சாய்த்து ஊற்றி, கடைசி விரலளவை பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும். அவள் அப்படித்தான் விட்டாள். பாட்டில்கள் சமையல் கட்டுக்குத் திரும்பிப் போகும்போது அடியில் கொஞ்சம் இருக்கும்.

மெய்யநாதன் மது தொடாதவர். தகப்பனார் இறந்த வருடம் தண்ணீர்மலை முருகன் சன்னிதியில் செய்த சத்தியம் அது. தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுப்பார். தான் விற்கும் சரக்கை ஒரு சொட்டும் ருசித்தறியாதவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாயசம். பாயசத்தில் முந்திரியும் திராட்சையும் அடியில்தான் கிடக்கும். பாட்டிலிலும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நல்லதை அடியில் நிறுத்தி, சமையல் கட்டில் போய் ரோசலின் குடிக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

அதை அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு ஞாயிறு மதியம் உணவகம் நிறைந்திருந்த நேரத்தில், பாட்டிலை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, "இத பாருங்க, கஸ்டமர் காசுல அம்மா தினமும் தண்ணி போடுறாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். அவள் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சிரித்தவர்களில் ஒருத்தி கிறிஸ்டல். ரோசலின் இருக்கும் அதே அடுக்குமாடியில் பக்கத்து வீடு. அதே கத்தோலிக்கக் கோயில். அடுத்த ஞாயிற்றுக்குள் செய்தி கோயிலின் பங்கு மக்கள் எல்லாரிடமும் போய்விட்டது. பூசையில் நற்கருணை வழங்க உதவும் பணியில் ரோசலின் ஒன்பது வருடமாக இருந்தாள். திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்தி நிற்பது அவள் முறை. "கொஞ்ச நாளைக்கு ஓய்வு எடுத்துக்கங்க அக்கா" என்று பங்குப் பேரவையிலிருந்து ஒருவர் பதமாகச் சொன்னார். பதமாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

அதன் பிறகு அவள் நன்மை வாங்கவே போகவில்லை, நற்கருணை வரிசையில் நிற்கவேயில்லை. ஒருவரை இவ்வளவு வெறுத்துக்கொண்டு நாக்கை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பக்தியுள்ளவர்களுக்கு வரும் விசித்திரமான நேர்மை இது. வெறுப்பை விட முடியாது, வெறுப்போடு நன்மை வாங்கவும் முடியாது.

இப்போது அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம், பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் நேரம். அதற்குள் பாட்டில்களையெல்லாம் வாங்கிப் பழியை முடித்துவிட வேண்டும். ஐந்து மணிக்குப் போய் அதை அறிக்கையிட்டு, ஞாயிறு காலை சுத்தமாக நன்மை வாங்கிக்கொள்ளலாம். செய்யாத பாவத்துக்கு முன்கூட்டியே நேரம் குறிப்பது முறையா என்று அவள் யோசிக்கவில்லை. நேரம் சரியாக ஒத்துவருகிறதே என்றுதான் சந்தோஷப்பட்டாள்.

விஸ்வநாதனிடம் ஆறு. அங்கிருந்து பஸ் பிடித்து ஜெலுத்தோங் போனாள். அங்கே மதுக்கடை வைத்திருந்த வயதான சீன முதலாளியான தவுக்கே முதலில் இல்லை என்று கையை விரித்தார்.

"இருந்துச்சு. கெட்டுப்போச்சு. அடியில அழுக்கு. திருப்பி அனுப்பப் பின்னாடி போட்டிருக்கேன்."

"அழுக்கு இல்ல தவுக்கே. அது அப்படித்தான் இருக்கும். நான் எடுத்துக்கறேன்."

தவுக்கே அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "வயிறு கெட்டா எங்கிட்ட வரக் கூடாது."

"என் வயிறு கெடாது. வேற ஒருத்தர் வயிறுதான் எரியும்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே பின்னறையிலிருந்து நான்கு பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார்.

தஞ்சோங் பூங்கா பேரங்காடிக்கு அவள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலையில். மதுவுக்கு மூலையில் தனி இடம், தனிக் கல்லா. அங்கே உட்கார வேண்டிய பையன் தேநீர் குடிக்கப் போயிருந்தான். பக்கத்துக் கல்லாவில் தலையில் முக்காடிட்ட மலாய் முஸ்லிம் பெண் காமாரியா இருந்தாள். அவள் தன் கையால் மது பாட்டில்களைத் தொட மாட்டாள் என்று ரோசலினுக்குத் தெரியும். அதனால் பையனுக்காகக் காத்திருந்தாள். ஐந்து பாட்டில்களோடு அவள் நிற்பதைப் பார்த்த காமாரியா தன் முக்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

"உட்காருங்க கக்," என்று மலாயில் அக்காளாக அழைத்தாள். "அவன் வர நேரமாகும். கால் வலிக்கும்."

பையன் வந்து கணக்குப் போட்டு முடித்ததும், பையின் கைப்பிடி ரோசலினின் விரல்களை அறுப்பதை காமாரியா கவனித்தாள். ஓர் அட்டைத் துண்டைக் கிழித்து, பையைத் தொடாமல் ரோசலினிடம் நீட்டி, எப்படி மடித்துப் பிடிப்பது என்று காட்டினாள்.

"வீட்ல விருந்தா கக்?"

"ஆமா. விருந்துதான்."

"வர்றவங்க சந்தோஷமா சாப்பிட்டுப் போகட்டும்," என்றாள் காமாரியா, மனசார.

ரோசலின் தலையை ஆட்டினாள். வாசல் வரை நடந்த பிறகுதான் தனக்கு முகம் சுட்டிருப்பது தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிக் கடை பட்டர்வொர்த்தில். படகில் அக்கரைக்குப் போய் மூன்று பாட்டில்களை வாங்கிக்கொண்டு அடுத்த படகிலேயே திரும்பினாள். பைகள் கால்களுக்கிடையில். இயந்திரம் உறும, உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது. சனிக்கிழமை ஏழரை மணிக்கு மெய்யநாதன் முகம் எப்படி இருக்கும்? அச்சடித்த மெனு கார்டைப் பிடித்துக்கொண்டு பெல்ஜியக்காரன் கேட்பான். இவர் வியர்ப்பார். முப்பது பேர் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டும்.

வழக்கமான ஜெபமாலையை எடுத்தாள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தபோது நாக்கு தடுமாறியது. அதை மட்டும் வேகமாகத் தாண்டினாள், சாலையில் கிடக்கும் தண்ணீரைச் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதுபோல. ஒவ்வொரு தடவையும் தாண்டினாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மெய்யநாதனே வந்துவிட்டார்.

நான்காவது மாடி வரை படியேறி மூச்சு வாங்க நின்றார். நெற்றித் திருநீறு வியர்வையில் கலங்கியிருந்தது. பின்னால் டிரைவர் ஷாருல், கையில் காலிப் பெட்டியோடு. ரோசலின் இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

"நல்லா இருக்கியா ரோசலின்?"

"இருக்கேன். சொல்லுங்க."

"எல்லாக் கடையிலயும் ஒரே பதிலு. ஒரு தமிழ் அக்கா வந்து வாரிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு. விஸ்வநாதன் உன் பேரைச் சொல்லல. அவன் முழிச்ச முழியே சொல்லிருச்சு."

"பாவம், அவருக்குப் பொய் வராது."

"எவ்வளவு வேணும்னு சொல்லு, தந்திடறேன்."

"விலை பேசுனீங்கன்னா கதவைச் சாத்திடுவேன்."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கிறிஸ்டல் ஈரத்துணி வாளியோடு வெளியே வந்து கம்பியில் ஒரு துண்டைப் போட்டாள். சரியில்லை என்று எடுத்தாள். மறுபடி போட்டாள். அவள் போகப்போவதில்லை என்று ரோசலினுக்குத் தெரிந்தது. அதுவும் நல்லதற்குத்தான் என்று பட்டது.

மெய்யநாதன் குரலைத் தாழ்த்தினார். "பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

ஏழு மாதமாக மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்திருந்த பேச்சு ஒன்று அவளிடம் இருந்தது. அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை. உள்ளே போனாள். வியாழக்கிழமையிலிருந்து குளிர்பெட்டியில் அசையாமல் நின்ற பாட்டில் ஒன்றை எடுத்தாள். கம்பியை முறுக்கி, தக்கையைத் துணியால் பிடித்து மெல்ல விடுவித்து, ஒரு ஜக்கில் சாய்த்து ஊற்றினாள். தெளிந்த பொன்னிறம். கடைசி விரலளவில் நிறுத்தினாள். அந்த விரலளவை நன்றாகக் கலக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். சேற்று நிறத்தில் டம்ளர் கலங்கி நின்றது.

கதவைத் திறந்து டம்ளரை நீட்டினாள்.

"இதைத்தான் நான் குடிச்சேன்னு சொன்னீங்க. குடிச்சுப் பாருங்க."

மெய்யநாதன் பின்வாங்கினார். "உனக்குத் தெரியும் ரோசலின். நான் தொடுறதில்ல. தண்ணிமலையில செஞ்ச சத்தியம்."

"தெரியும் பாஸ். எனக்கும் கோயில்ல கையில ஒரு கிண்ணம் இருந்துச்சு. ஒன்பது வருஷம். உங்க வாய் அதைப் பறிச்சிருச்சு."

"அது எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. குடிச்சா பாட்டிலு. இல்லன்னா மெனு கார்டை பெல்ஜியக்காரனுக்குப் பொரிச்சுப் போடுங்க."

ஷாருல் தலையைத் திருப்பிக்கொண்டான். கிறிஸ்டலின் துண்டு கையிலேயே நின்றது. மெய்யநாதன் டம்ளரை வாங்கினார். முகத்தருகே கொண்டுபோனதும் மூக்கு சுருங்கியது. அப்போது அவள் 'போதும்' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார்.

உடனே டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, படிக்கட்டு ஓரத்துக் குழாயடிக்கு ஓடினார். துப்பினார். வாய் கொப்பளித்தார். திரும்பவும் கொப்பளித்தார். ரோசலினுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருட வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்றே தோன்றியது.

"புளிச்ச மாவுச் சட்டி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு," என்றார் மெய்யநாதன், குழாயைப் பிடித்தபடி. "இதை யாரு திருடிக் குடிப்பா? நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"கேக்கல."

அவர் நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். கேட்க வேண்டிய ஆள் கிறிஸ்டல் ஒருத்திதான் இருந்தாள். அவளைப் பார்த்தே உரக்கச் சொன்னார். "ரோசலின் குடிக்கல. பாட்டில் அடியில இருக்கறது மண்டி. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

கிறிஸ்டல் வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மறுபடி வாய் கொப்பளித்தார். எத்தனை தடவை என்று கணக்கில்லை. சன்னிதிக்கு முன்னால் நிற்கப்போகிறவர்போல, விரலால் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன்" என்று சொல்லிப் படியிறங்கத் தொடங்கினார். பாட்டில்களைக் கேட்கவே இல்லை.

"பாஸ்," என்று கூப்பிட்டாள் ரோசலின். "சரக்கை எடுத்துக்கிட்டுப் போங்க."

குரல் இனிமையாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று இருந்தது. நான்கு மாடிப் படியிறங்கிக் குலுங்கப்போகும் பாட்டில்கள் அவை. மண்டி முழுக்க எழும்பிவிடும். இந்த வெயிலில் காரில் கொண்டுபோய் நேராக மேசையில் வைத்துத் தக்கையைத் திறந்தால் நுரை கூரையில் அடிக்கும். பெல்ஜியக்காரன் சட்டை நனையும். அவள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதைக் கொடுத்தாள், அவ்வளவுதான். இதைப் பாவம் என்று எந்தக் கோயிலிலும் யாரும் சொல்ல முடியாது.

ஷாருல் பதினேழு பாட்டில்களையும் பெட்டியில் அடுக்கினான். மெய்யநாதன் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார். வியர்வையிலும் குழாய்த் தண்ணீரிலும் திருநீறு முழுவதும் கரைந்துபோன வெறும் நெற்றி. அப்படி வெறும் நெற்றியோடு அவரைப் பார்த்ததே இல்லையென்று அவளுக்குப் பட்டது.

அவர்கள் இறங்கினார்கள். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி. பெட்டி ஒவ்வொரு படிக்கும் கிணுகிணுத்தது. ரோசலின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்தாள். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பாஸ்!"

கீழே இருந்து மூன்று முகங்கள் நிமிர்ந்தன. ஒன்று ஏதோ காவலாளியுடையது.

"போனதும் ஐஸ் தண்ணியில நிமித்தி வைங்க! படுக்க வைக்கக் கூடாது! ஏழரை வரைக்கும் யாரும் தொடக் கூடாது! தக்கைய துணி போட்டு மெதுவா எடுக்கணும்!"

மெய்யநாதன் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். "நீயே வந்து ஊத்தினா என்ன?"

"வர மாட்டேன். எனக்கு அஞ்சு மணிக்கு வேலை இருக்கு."

கார் போன பிறகு அவள் ஜக்கில் இருந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

ஐந்து மணிக்குக் கோயிலில் நாலைந்து பேர்தான் வரிசையில் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் கிறிஸ்டல். கிறிஸ்டல் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, உள்ள நான் சொன்னதெல்லாம் உங்களைப் பத்திதான்," என்றாள் மெல்ல.

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லல. ஆனா பாதருக்குத் தெரிஞ்சிருக்கும்."

ரோசலின் உள்ளே போய் முழங்காலிட்டாள். வெறுத்ததைச் சொன்னாள். பாட்டில்களை வாரியதைச் சொன்னாள். ஜெபத்தில் ஒரு வரியைத் தாண்டியதைச் சொன்னாள். பிறகு, சாமிக்குச் சத்தியம் செய்த ஒருவரைக் குடிக்க வைத்ததைச் சொன்னாள்.

பாதர் கேட்டார்: "அதுக்காக வருத்தப்படுறீங்களா?"

திரையின் மறுபக்கத்தில் அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. இங்கே பொய் சொன்னால் எல்லாம் வீண் என்று அவளுக்குத் தெரியும்.

"அவர் வாய் கழுவுனது கண்ணுலயே நிக்குது பாதர். ஆனா வருத்தம் இன்னும் வரல. நல்லா இருந்துச்சு. இப்பவும் நல்லாத்தான் இருக்கு."

"வருத்தம் வரணும்னு ஆசையாவது இருக்கா?"

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு இருக்கலாம்."

அவர் மெல்லச் சிரிப்பது கேட்டது. "அப்ப இன்னைக்குப் பாவமன்னிப்புச் சொல்ல முடியாதும்மா. நாளைக்குக் காலைப் பூசைக்கு முன்னாடி ஆறு மணிக்கே இங்க வந்து உட்கார்ந்திருப்பேன். வரலன்னா அடுத்த நாளும் உட்கார்ந்திருப்பேன்."

"மேல படியிலேர்ந்து ஒண்ணு கத்திச் சொன்னேன் பாதர். ஐஸ்ல வைக்கச் சொல்லி."

"அது பாவம் இல்ல. அதை இங்க சொல்ல வேண்டியதில்ல."

வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. கிறிஸ்டல் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இன்னொரு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுங்க அக்கா. வீட்டுக்குத்தானே."

ரோசலின் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "நான் நடந்தே போறேன்."

"தூரம் அக்கா."

"பரவாயில்ல."

அவள் நடக்கத் தொடங்கினாள். பின்னால் மோட்டார் கிளம்பும் சத்தத்தை எதிர்பார்த்தாள். சத்தம் வரவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்டல் இஞ்சினைப் போடாமல், இரண்டு கால்களாலும் தரையை உந்தி உந்தி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். மேடு வந்தபோது இறங்கிக்கொண்டு, வியர்வை வழிய, தள்ளினாள். ரோசலின் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.